மங்கை எந்த நிலை?

மூன்றாம் வகுப்பு நோட்டுக் கட்டு எர்ணாவூர் வீட்டில் கட்டில்மேல் கிடந்தது. அதைக் கொண்டுவர வேண்டிய சங்கமித்ரா டீச்சர் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்தில் வெறுங்கையோடு நின்றிருந்தாள். கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

கூட்டத்துக்குக் காரணம், ஹார்பரில் டிரெய்லர் ஓட்டும் ஷாகுல் ஹமீது. அந்தப் பள்ளியில் பிள்ளைகளை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். படிப்பு இப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருந்தால் அரும்பு, பாதி வந்திருந்தால் மொட்டு, நன்றாகத் தேறியிருந்தால் மலர். அவர் மகள் உமைமா போன வருஷம் சங்கமித்ராவின் மூன்றாம் வகுப்பில் மலர். இந்த வருஷம் நான்காம் வகுப்பில் ரேகா டீச்சர் கொடுத்த அட்டையில் அரும்பு.

"போன வருசம் மலர்ந்த புள்ள இந்த வருசம் எப்டி டீச்சர் மறுபடி அரும்பாச்சு?" என்று அவர் முந்தின வாரம் வந்து அட்டையை மேஜைமேல் வைத்தார். "எங்க வூட்டு ரோஜாச் செடிகூட அப்டி பண்ணாது."

"நாலாம் வகுப்புப் பாடத்துக்கு அது அரும்புதான்" என்றாள் ரேகா.

"மூணாம் வகுப்புப் பாடத்துக்கு அது மலர்தான்" என்றாள் சங்கமித்ரா.

"ஒரே புள்ள தான டீச்சர்?" என்றார் ஷாகுல் ஹமீது.

தலைமையாசிரியை ஞானபாக்கியம் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை எழுதிய ஒரு பக்கம், பேர் போடாமல். அதைப் படித்து மற்ற வகுப்பு ஆசிரியர்கள் தனித்தனியே நிலை போடவேண்டும். எல்லாருடைய அளவுகோலும் ஒன்றா என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைத்தான் சங்கமித்ரா கொண்டுவர வேண்டியிருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் எதையும் மறந்ததில்லை என்று பள்ளி முழுக்கப் பேர். காலி வகுப்பில் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்தாள். பென்சிலை இடது கையில் பிடித்தாள். 'என் வீடு' என்று தலைப்புப் போட்டாள். பிறகு எட்டு வயசுப் பிள்ளை என்ன எழுதும் என்று யோசிக்க நேரமில்லாமல், கைக்கு வந்ததை எழுதினாள்.

'எங்க வீட்டில் ரெண்டு நாற்காளி இருக்கு. ஒண்ணுல நான் உக்காருவேன். இன்னொன்னுல துனி உக்காரும். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்க எனக்குத் தெரியல. மிஞ்சிடும். டிவியில நியூஸ் படிக்கிற அக்கா வனக்கம் சொன்னா நானும் வனக்கம் சொல்லுவேன்.'

ள, ன எல்லாம் சரியாகத் தப்பாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓடினாள்.

"மலர்" என்றார் இரண்டாம் வகுப்பு ரஹீமுன்னிசா டீச்சர். "மனசுல இருக்கிறத அப்படியே எழுதியிருக்கே பிள்ள."

"அரும்பு" என்றாள் ரேகா. "ஆறு வரியில நாலு பிழை."

"மொட்டு" என்றார் ஐந்தாம் வகுப்பு உதயா சார். "எழுத்து கோணல். ஆனா 'ழ' இல்லாம எழுதத் தெரிஞ்சிருக்கு. கெட்டிக்காரப் பிள்ள."

மூன்று பேர், மூன்று நிலை. சங்கமித்ராவுக்குக் கொஞ்சம் நிம்மதி. இனி இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், தன்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஞானபாக்கியம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நிலை கெடக்கட்டும். பிள்ள தனியா சோறு வடிக்குதாமே, இது யாரு?"

"பேர் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே மேடம்..."

"இப்ப சொல்லுங்க."

"மங்கை" என்றாள் சங்கமித்ரா. எங்கிருந்து அந்தப் பேர் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஞானபாக்கியம் கூப்பிட்டார். "மங்கைன்னு யாரும் இல்லையே டீச்சர்?"

"புதுசா வந்த பிள்ள மேடம். டிசி இன்னும் வரல."

"சரி, நாளைக்கு என் ரூமுக்கு அனுப்புங்க."

"நாளைக்கு வரமாட்டா மேடம். காய்ச்சல்."

"நாளான்னைக்கு?"

"நாளான்னைக்கும் காய்ச்சல்தான் மேடம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. ஞானபாக்கியம் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு நிரப்ப வேண்டியதாம்.

"வீட்ல வேற யாரு?"

"அக்கா இருந்தாங்க. இப்ப இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்து."

"ரொம்பக் கஷ்டமா இருக்கிற நேரம் எது?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம்" என்றாள் சங்கமித்ரா. "பக்கத்து வீடெல்லாம் மீன் வறுக்கிற சத்தம் கேக்கும். யாராவது யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவாங்க."

"பிள்ளைக்குப் பிடிச்ச சாப்பாடு?"

"இறால் தொக்கு. அக்கா செய்வாங்க."

இதில் ஒன்றையும் அவள் யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்ல உட்கார்ந்தவள் இவ்வளவு சுலபமாக மெய் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா நர்மதா போனபோது மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். கடிதத்தில் 'உறவினர் மறைவு' என்று மட்டும் எழுதினாள். யாரும் கேட்கவில்லை, கேட்கும்படி அவளும் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் வகுப்பிலேயே நோட்டுத் திருத்திக்கொண்டே முடித்துவிடுவாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார், அதுவும் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி. மறுநாளும் கூப்பிடமாட்டாரா என்றிருந்தது.

கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை, எல்லா ஆசிரியர்களையும் சேர்த்தே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழம மங்கை வீட்டுக்கு எல்லாரும் போறோம்."

சங்கமித்ரா எழுந்துவிட்டாள். "மேடம், மங்கை மூலக்கொத்தளம் போயிட்டா."

"யா அல்லா!" என்று ரஹீமுன்னிசா நெஞ்சில் கை வைத்தார்.

மூலக்கொத்தளம் என்றால் ஊருக்கு முதலில் என்ன ஞாபகம் வரும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இல்ல டீச்சர், சுடுகாட்டுக்கு இல்ல. குடி போயிட்டா. வாடகை வீடு."

"அப்பாடா" என்றார் உதயா சார்.

"எங்க போனாலும் பிள்ள பிள்ளதானே" என்றார் ஞானபாக்கியம். "ஞாயிறு பன்னெண்டரை மணி. நீங்க வீட்லயே இருங்க டீச்சர், நாங்க வந்துடறோம்."

தன்னைக் கூட்டிக்கொண்டு மூலக்கொத்தளம் போகப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு தெருவாக ஏறி இறங்கி எந்தக் கதவைக் காட்டுவது? சனிக்கிழமை முழுக்க யோசித்தாள். மங்கையை ராயபுரத்துக்கு மாற்றலாமா, யானைக்கவுனியில் ஒரு சித்தப்பாவைக் கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தாள். எந்தப் பக்கம் அனுப்பினாலும் அந்தப் பிள்ளை நாற்காலியில் துணியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. அதை மறுபடி ஓர் இடத்தில் தனியாக விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஞானபாக்கியம், ரஹீமுன்னிசா, ரேகா, உதயா சார். அவர்களுக்குப் பின்னால் பள்ளி ஆயா சிலுவையம்மாள், மூச்சு வாங்க, ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு. மங்கைக்குத்தான்.

அதைப் பார்த்ததும் சங்கமித்ராவால் தாங்க முடியவில்லை.

"மேடம், மங்கைன்னு யாருமே இல்ல. நோட்டுக் கட்ட மறந்துட்டேன். அந்தப் பக்கத்த நான்தான் எழுதினேன். டிசி, காய்ச்சல், மூலக்கொத்தளம் எல்லாம் பொய். நீங்க என்ன நடவடிக்க எடுத்தாலும் சரி."

ரேகா தரையைப் பார்த்தாள். ரஹீமுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஞானபாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

சிலுவையம்மாள்தான் கேரியரைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"அந்த பாரத்துல பேரு எழுதற எடத்துல மேடம் மொத நாளே உங்க பேரத்தான் எழுதிகீறாங்க டீச்சர், நெலதான் இன்னா போடறதுன்னு இவுங்க மூணு பேரும் பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் சண்ட போட்டுகினு வந்தாங்க."