தொண்ணூற்றொன்பதாயிரத்துக்குக் கார், ஓரத்தில் ஒரு நட்சத்திரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சகல மூட்டுகளோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீங்கள் போனில், "மாமா, என் பழைய காரை அனுப்பி வைக்கிறேன், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வசதியா இருக்கும்" என்று சொன்னதும், "முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளரா இருந்தவனுக்கு ஒரு கார் வாங்கத் தெரியாதா?" என்று நான் சற்றே சத்தமாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வாரத்தில் மூன்று நாள் முழங்காலுக்குப் பயிற்சி. பஸ் படியில் அவளால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, என்னாலும் அவளைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஆகவே நானே கிளம்பினேன்.

பெரிய சாலையில் பழைய கார் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை, அதில் ஒரு வெள்ளைக் கார் படம், காரைவிடப் பெரிதாக 99,000 என்று விலை. நான் வெறுங்கையோடு போகிற ஆளா? அளவு நாடா, தொங்கு தராசு, பூதக்கண்ணாடி, துறைக்குத் திருப்பிக் கொடுக்க மறந்துபோன ஐந்து லிட்டர் அளவுக் குவளை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். டை கட்டிய ஒருவன் ஓடி வந்தான். அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். படத்தில் இருந்த மாதிரியே உள்ளே நின்ற வெள்ளைக் காரை முன்னிருந்து பின்வரை அளந்தேன். டயர் பள்ளங்களை அளந்தேன். ஸ்டெப்னியைக் கழற்றித் தராசில் தொங்கவிட்டேன். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைக் கழற்றித் திருப்பி வைத்திருக்கிறானா என்று ஒவ்வொரு திருகாணியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா என்று டாங்கில் இருந்ததை உறிஞ்சி எடுத்துக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். இரண்டு மணி நேரம் ஆனது. "சரி, தொண்ணூற்றொன்பதாயிரம், ரொக்கமாத் தர்றேன்" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"ஐயா, அந்த விலை பழைய வண்டியைக் குடுத்து மாத்திக்கிறவங்களுக்கு" என்றான் டைக்காரன்.

"எங்கிட்டப் பழைய வண்டி இல்லையேப்பா."

"அதனாலதாங்க ஐயா உங்களுக்கு அந்த விலை இல்ல."

அத்தோடு விட்டானா? கடன் வாங்கினால்தான் கழிவாம், ரொக்கம் என்றால் விலை கூடுமாம். கையில் காசு வைத்திருப்பவனுக்கு அபராதம் போடுகிற கடையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை! அப்புறம் காகிதக் கட்டணம், காகிதத்தை எடுத்துக் கொடுக்கும் கட்டணம், வண்டியைக் கழுவிய கட்டணம். "எனக்கு அழுக்காவே குடுப்பா" என்றேன். "கழுவியாச்சே ஐயா" என்றான், என்னவோ எனக்காக அழப்போகிறவன் மாதிரி. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"இதெல்லாம் எங்கய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். பலகையிலேயே இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். கடைசிச் சைபருக்குப் பக்கத்தில் ஈ உட்கார்ந்த அளவுக்கு ஒரு நட்சத்திரம். அதற்கு விளக்கம் பலகையின் அடிவிளிம்பில், பூந்தொட்டிக்குப் பின்னால். பெரிய சாலையோரம், நாலு பேர் பார்க்க, முட்டி போட்டு, இலையை விலக்கிப் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன் மாப்பிள்ளை. ஏழு வரி. ஏழாவது வரி: "படத்தில் உள்ள கார் விற்பனைக்கு அல்ல."

தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனை எல்லாம் நான் பிடித்திருக்கிறேன். பிடித்தால் அவனுக்கு வியர்க்கும், திருடனுக்குரிய மரியாதையோடு நடந்துகொள்வான். இந்தப் பயல்கள் ஏசியில் உட்கார்ந்து, "படிக்காம வந்தது உங்க தப்புங்க ஐயா" என்று நமக்கே காபி கொடுத்து அனுப்புகிறார்கள். திருட்டை அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டால் அது வியாபாரம் ஆகிவிடுமாம். த்தூ! கடைசியில் கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வேறு வந்து, "எடை அளவு ஆய்வாளரா! உங்களை மாதிரி விவரமானவங்க எங்ககிட்ட வாங்கினா எங்களுக்குத்தானே பெருமை" என்று குழைந்தார். நானா மசிவேன்? கையெழுத்தும் கிடையாது, கால் காசும் கிடையாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே உங்கள் காரை அனுப்ப வேண்டாம். நிதானமாக வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சின்ன வயசு, நட்சத்திரம் போட்ட எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். மகளுக்கும் உங்களுக்கும் எல்லா நன்மைகளும் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
ஏமாறாத மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறது. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சேன். கையெழுத்துப் போட்டுட்டார். "உங்களை யாருங்க ஐயா ஏமாத்த முடியும்"னு அந்த மேனேஜர் சொன்ன உடனே போட்டுட்டாராம். முழுப் பணமும் குடுத்தாச்சு. கடைக்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்து விட்ட வண்டி நாலு நாளா வாசல்ல நிக்குது. பாட்டரி தனி விலையாம், அதனால நிக்க மட்டும்தான் செய்யுது. இந்தக் கடுதாசியையே அதுக்குள்ள உட்கார்ந்துதான் எழுதினார். சரியா சாப்பிடறதும் இல்ல, என் முகத்தைப் பார்த்துப் பேசறதும் இல்ல. எனக்கு முட்டி வலியைவிட இதுதான் தாங்க முடியல. உங்க காரை நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்க. வந்ததும், "நல்ல வண்டியாப் பார்த்துத்தான் எடுத்திருக்கீங்க மாமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்ன விலைன்னு மட்டும் கேட்டுடாதீங்க.