வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

உயிரே போனாலும் மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை என்று அறிக்கைக்காரர் அன்று காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார். வருத்தம் தெரிவிக்கலாம். அதற்குக் கீழே ஒரு படிகூட இறங்குவதாக இல்லை.

குடிநீர் வாரியத்தில் அவருக்கு வேலையே இதுதான். குழாயில் தண்ணீர் வராது என்றால் அவர் எழுதுவது அறிவிப்பு. ஏன் வரவில்லை என்று ஊர் கேட்டால் விளக்கம். வந்த தண்ணீரில் புழு நெளிந்தது என்று எவனாவது சொன்னால் மறுப்பு. அந்தப் புழுவை அவன் படம் பிடித்துவிட்டால் வருத்தம். நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், 'உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்.' அந்த உரிய நேரத்தை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. மன்னிப்பு மட்டும் அவர் பேனாவிலிருந்து வந்ததே கிடையாது. மன்னிப்பு என்றால், தப்பு எங்களுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

வீட்டிலோ நிலைமை புழுப் படத்தையும் தாண்டிவிட்டது. போன மாதம் மனைவியின் அண்ணன் இறந்துபோனார். லாரி ஓட்டியவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். காரியத்தன்று கூடியிருந்தவர்கள் முன்னால், "அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்று மனைவிதான் கேட்டாள். அறிக்கைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வாரியத்தில் யார் போனாலும் வாசிக்கிற இரங்கல் அது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். 'வாரியத்தின் வளர்ச்சிக்கு அயராது பாடுபட்டவர், ஒரு நாளும் அலுவலகத்துக்குத் தாமதமாக வராதவர்' என்று கணீரென்று வாசித்தார். அதே வேகத்தில், 'இவண், பொது மேலாளர்' என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டார். லாரிக்காரர்கள் நின்ற பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது என்பதைக்கூட ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் ஆறுதலாக ஏதாவது எழுதிப் பார்த்திருப்பார். டம்ளர் வைக்கிற சத்தம்கூட அந்த வீட்டில் பெரிதாகக் கேட்டது. இனி இவள் பேசவே மாட்டாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வாய் இறங்கி வரவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார்.

"அன்னைக்கு நடந்த நிகழ்வு குறித்து வருத்தம் தெரிவிச்சுக்கறேன்."

அவள் மிக்ஸியைப் போட்டாள்.

கீழே இறங்கியபோது, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன சார், ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேக்கப் போறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"ஒங்க வீட்டம்மாதான். அவங்க அண்ணி வீட்ல, சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும்னு."

"எப்போ சொன்னா?"

"நேத்து. கடவாய்ப் பல்லைக் காட்ட வந்தாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற சொன்னாங்க."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"சேச்சே! ஒங்ககிட்ட மட்டும்தான்."

"டாக்டர், அது சுத்தப் பொய்!"

"அப்போ ஒரு மறுப்பு விட்ருங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

அங்கேதான் சிக்கல். மறுத்தால், விஷயம் தெரியாதவனும் என்ன ஏது என்று விசாரிப்பான். மறுக்காவிட்டால் அது உண்மையாகிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கடைக்காரர் சிரித்தது போலிருந்தது. பஸ் கண்டக்டர் பரிதாபமாகப் பார்த்தது போலிருந்தது. ஆபீசில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தியது போலிருந்தது. சனிக்கிழமைக்குள் ஊரே தன் மன்னிப்புக்காகக் காத்திருப்பதாக அவருக்கு உறுதியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு தாளில் வருத்த அறிக்கை எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அறிக்கைக்காரர் எழுந்தார். பையில் கைவிட்டபோது எதிர்ச் சுவரில் லாரிச் சாவி ஆணியில் தொங்குவது கண்ணில் பட்டது. யாருக்கும் அதைக் கழற்ற மனம் வரவில்லை போலும். தாள் பையிலேயே தங்கிவிட்டது.

"அன்னைக்கு நான் படிச்சது அவரைப் பத்தி இல்ல. நாங்க வீடு மாறினப்போ பீரோவைத் தனியா முதுகுல தூக்கிட்டு மாடி ஏறினாரே, அவரைப் பத்திச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்துச்சு. வாயைத் திறந்தா அழுதுடுவேனோன்னு பயந்து தாளைப் பாத்துட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு அழுதேவிட்டார்.

கூடம் திகைத்துப்போனது. "என்ன அண்ணே இது, திடீர்னு?" என்று அண்ணி பதறினாள். சின்ன மச்சினன் தண்ணீர் கொண்டுவந்தான். "அத்தான், ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஒரு மாதமாக அழாதவள், மூலையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"நான் பல் டாக்டர் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா அவர் ஒங்ககிட்ட சொல்லாம இருக்க மாட்டார். மிச்சத்தை ஒங்க பயம் பாத்துக்கும்னு விட்டுட்டேன்."

"அப்போ பல்வலி?"

"எனக்கு ஏது பல்வலி?"

ஏமாந்தது உறைத்தது. ஆனாலும் அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. குழைந்துகொண்டே கேட்டார்.

"கோவம் போயிடுச்சுல்ல? இனிமே பழையபடி பேசுவேல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்."