ஒரு பக்கத்தை மிச்சம் பிடித்த கால்மிதிப் போர்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்டே நகர்ந்து உட்காருங்கள். வாளின்றி வேலின்றி, வெறும் ஊசியால் நடந்த மாபெரும் போரொன்றைச் சொல்கிறேன்.

ஊசிமுனைப் படையேந்தியவளும், விரற்கவசம் பூண்டவளும், கிழிந்த கால்சட்டைகளின் துயர் துடைத்தவளும், நாத்தனாரோடு ஒரே அறையில் தையல்கடை நடத்தியும் நிதானம் இழக்காதவளுமாகிய அண்ணி வாழ்க!

கடைவாசலுக்கு ஒட்டுத்துணிக் கால்மிதி தைக்கவென்று நாத்தனார், கத்தும் தன் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி, அட்டையில் அறுகோணம் வரைந்தாள். அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆறு பக்கம் எதுக்குடி? அஞ்சா வெட்டினா துண்டுக்கு ஒரு பக்கம் தையல் மிச்சம்!"

"அஞ்சு பொருந்தாது அண்ணி."

"நான் தச்சா பொருந்தும். தரையில தட்டையா படுக்கலேன்னா என் ஜன்னலோரத்தை நீயே எடுத்துக்கோ!"

வானமே, கேட்டாயா இச்சபதத்தை! அவ்வறைக்கு ஜன்னல் ஒன்றே. அதன் ஒளியில் வீற்றிருந்த தையல் மெஷினே அண்ணியின் அரியணை. எதிர்ச்சுவர் இருட்டில் நூல் கோக்கத் தடவித் தடவிக் களைத்த நாத்தனாரின் கண்ணோ நெடுநாளாய் அதன்மேல்தான்.

போர் மூண்டது. தடித்த கான்வாஸில் வெட்டிய ஐங்கோண வீரர் மூவர் ஒரு புள்ளியில் தோளோடு தோள் கூடினர். ஆறு பக்கத் துண்டின் மூலை அகன்ற மார்புடையது, நூற்றிருபது பாகை, மூன்று நின்றால் சுற்று நிறைந்துவிடும். ஒரு பக்கம் இழந்த ஐங்கோணத்தின் மூலையோ நூற்றெட்டாய் ஒடுங்கிப் போனது. மூன்று கூடியும் நடுவே ஒரு பிளவு பல்லிளித்து நின்றது. நான்காவதை நுழைக்கவும் இடமில்லை. விடுவாளா அண்ணி? பிளவின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துத் தைத்து மூடினாள். மூடிய கணமே துணி குன்றென எழுந்தது. மதயானையெனக் கனன்ற இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் ஏவினாள், குன்று படுத்தது, பெட்டியை எடுத்ததும் சிலிர்த்து எழுந்தது. "ஓரத்துல இன்னும் ரெண்டு சேர்த்தா படிஞ்சிடும்" என்று முழங்கி அவள் சேர்க்கச் சேர்க்க, அது கிண்ணமாகி, குடமாகி, பன்னிரண்டாம் துண்டில் வாயையும் மூடிக்கொண்டது.

நாத்தனார் அதைக் கையில் ஏந்தினாள். "கால்மிதியா அண்ணி இது? உருளுதே!"

அண்ணி முடி துறக்கும் வேந்தர்போல் எழுந்து, தன் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து தள்ளத் தொடங்கினாள். அப்போதுதான், காலை முதல் கத்திக் கத்திக் கடையையே கலங்கடித்த கைக்குழந்தை, நாத்தனாரின் இடுப்பிலிருந்தபடியே அந்தப் பந்தைப் பறித்துக் கடித்தது. மூவுலகும் அமைதி கண்டது. நாத்தனார் பந்தை வாங்கப் பார்த்தாள்; அலறல். திருப்பிக் கொடுத்தாள், அமைதி.

"மெஷினைத் தள்ளாதீங்க அண்ணி. ஜன்னலை நீங்களே வெச்சுக்குங்க. இந்தப் பந்தை மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க."

இதைக் கேட்ட உங்கள் இல்லங்களில் மூலைதோறும் ஒளி நிறைக; ஓரறையில் உழைக்கும் உறவுகள் இடித்துக்கொள்ளாது பொருந்தி வாழ்க; தொட்டில்கள் யாவும் துயில் பெறுக! கால்மிதி வேணும்னா கடையிலயே வாங்கிக்கோங்க.