வலப்பக்கத்து ஸ்பீக்கர்

நில அளவையாளர் அந்த ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்குவதற்கு முன்பே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டார். கூடத்திலிருக்கும் வால்வு ஆம்ப்ளிபையரை ஸ்டீரியோவிலிருந்து மோனோவாக மாற்றிவிடுவது! அதாவது, இடம் வலம் என்று இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்த பலத்தை ஒன்றுசேர்த்து, ஒரே ஸ்பீக்கருக்கு ஊட்டுவது.

அப்படிச் செய்தால் மற்ற ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அதற்கு இன்னொரு ஆம்ப்ளிபையர் வேண்டும். அந்த இன்னொன்று ஏற்கெனவே வந்திறங்கி, பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரின் பரண்மேல் ஒளிந்திருந்தது. இரண்டு நாள் ஒற்றைப் பக்கப் பாட்டைக் கேட்டால், "என்னமோ குறையுதுங்க, இன்னொண்ணு வாங்குங்களேன்" என்று மனைவியே கெஞ்சுவாள். தாமும் பெரிய மனது பண்ணி இணங்கலாம் என்பது திட்டம்.

மனைவி ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள். பதினோரு வருடமாகக் கட்டிலில் அமர்ந்து, மடியில் பலகை வைத்துத் திருத்துகிறாள். ஜன்னலோரம் ஒரு மேசை போட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஜன்னலோரத்திலோ வலப்பக்கத்து ஸ்பீக்கர் நின்றது. அதை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் இசை கோணிவிடும் என்பது அவர் தீர்ப்பு.

"மோனோன்னா அவ்வளவு நல்லதா?" என்று கேட்டாள்.

"நல்லதாவா? இதுவரைக்கும் நீ கேட்டதெல்லாம் பாட்டே இல்லம்மா. ரெண்டு பொட்டியும் ஆளுக்குப் பாதி பாடிட்டிருந்துது."

"அப்போ ஒரு பொட்டி போதும்?"

"தாராளமா!"

"எழுதிக் குடுங்களேன். எனக்குக் கண்ணால படிச்சாத்தான் மண்டையில ஏறும்."

'ஒரே பெட்டியிலிருந்து வரும் இசையே முழுமையான இசை' என்று உற்சாகமாக எழுதிக் கையெழுத்திட்டார். அவள் படித்துப் பார்த்தாள்.

"இனி மாத்த ஒண்ணுமில்லையே?"

"ஒரு புள்ளிகூட இல்ல."

ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதித் தேதி போட்டாள்.

மதியம்வரை கூடத்தில் சால்டரிங் புகை. கடைசியில் வால்வுகள் செக்கச்சிவந்தன. இடப்பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் முழங்கியது. ஜன்னல் பக்கமாக வந்துகொண்டிருந்த வயலின், இப்போது பாடகியின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவருக்கே அது பொறுக்கவில்லை. எல்லாம் இரண்டு நாளைக்குத்தானே என்று குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ஜன்னலோரம் மேசை இருந்தது. மேசையின்முன் மனைவி இருந்தாள்.

"ஸ்பீக்கர் எங்கே?"

"அதோ பாடுதே."

"அது இடது! வலது எங்கே?"

"ஒண்ணு போதும்னீங்களே?"

"போதும்தான்... ஆனா கேட்டுப் பாரு, பாதி குறையுது!"

அவள் காலையில் அவர் எழுதிய காகிதத்தை நீட்டினாள். "அச்சுக்குப் போகலாம்னு எழுதியாச்சு. இனிமே எழுதினவரே வந்து அழுதாலும் ஒரு கமா மாத்த மாட்டேன்."

நில அளவையாளர் சரணடைந்தார். "உண்மையைச் சொல்லிடறேன். இன்னொரு ஆம்ப்ளிபையர்..."

"டாக்டர் வீட்டுப் பரண்ல இருக்கு."

"யார் சொன்னா?"

"அவர் இல்லாதப்போ பார்சல் வந்துது. நான்தான் வாங்கிவெச்சுக் குடுத்தேன். 'இதுல ஆம்ப்ளிபையர் எதுவும் இல்லம்மா'ன்னு நான் கேக்காமலே சொன்னாரு."

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவருக்குத் தம் வாயை மூடத் தெரியவில்லையே என்று அவர் நொந்துகொண்டார்.

"பாவம், அது அங்க தனியா கிடந்துது. துணைக்கு ஸ்பீக்கரை அனுப்பிட்டேன். டாக்டரே இந்த மேசையைக் கொண்டாந்து போட்டுட்டு, அதைத் தூக்கிட்டுப் போனாரு. உங்களுக்குப் பிடிச்ச பாட்டா போடச் சொல்லியிருக்கேன். நம்ம வீட்டுலயும் அதையே போடுங்க."

சுவரைத் தட்டி, மூன்று எண்ணி, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். சுவருக்கு அப்பாலிருந்து வந்தது வயலின்! அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஸ்டீரியோவை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் இருந்து கேட்க வேண்டுமே! அளவு நாடாவை எடுத்தார். அந்தப் பக்கத்துக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக் கூட்டினார். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்து, நாடா சொன்ன இடத்தில் நின்றார். இசை இருபுறமிருந்தும் வந்து அணைத்துக்கொண்டது. எதிரே தொட்டி நிறையக் காலைப் பாத்திரங்கள்.

"காலையிலேயே அளந்துட்டேங்க," என்றது ஜன்னலோரத்துக் குரல். "நார் வலது பக்கம் இருக்கு."