நாற்பது ஜாடி வின்லாந்து

இந்தக் கோடையில் வின்லாந்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். என் மனைவி எஃபியிடம் கம்பீரமாக அறிவித்தேன். "சரி, வரும்போது மாவு வாங்கிட்டு வா" என்றாள்.

வின்லாந்து விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரீன்லாந்திலிருந்து நார்ஸ் என்ற பழைய வட ஐரோப்பிய மாலுமிகள் மேற்கே வந்தார்கள். முதலில் கல் நாட்டைப் பார்த்தார்கள். அப்புறம் காட்டு நாடு. அப்புறம் திராட்சையும் ஒயினுமாக ஒரு நாடு. ஊருக்குப் போய் எல்லாவற்றையும் கதை கதையாகச் சொன்னார்கள். விலாசத்தை மட்டும் சொல்லவில்லை. எங்கள் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் அவர்கள் தங்கிய வீடுகள் கிடைத்து அறுபது வருஷம் ஆகிறது. அது வெறும் வழித்தங்கல், திராட்சை நாடு வேறெங்கோ இருக்கிறது என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கடலைப் பற்றி, கரையில் உட்கார்ந்துகொண்டு! நான் முப்பத்தைந்து வருஷம் காட் மீன் பிடித்தவன். எந்தக் காற்றில் எத்தனை நாளில் எங்கே போய்ச் சேரலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பனிக்காலம் முழுக்க உட்கார்ந்தேன். மிச்சமிருந்த சுவர்த்தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒட்டினேன். அந்தக் கதைகளைச் சத்தமாகப் படித்துப் படித்து ஓரமெல்லாம் கணக்கு எழுதினேன். ஒரே தொல்லை, ஜன்னல் திரையின் கயிறுதான். அதன் நுனியில், நடுவில் துளையிட்ட வட்டக் கல் ஒன்று தொங்கும். காற்றடித்தால் என் வரைபடத்தில் வந்து டொக் டொக்கென்று இடிக்கும். "இந்தச் சனியனை எடுத்துத் தொலையேன்" என்பேன். எஃபி எடுக்க மாட்டாள்.

மே மாதம் ஒரு குட்டையின்மேல் பென்சிலால் அழுத்தமாகப் பெருக்கல் குறி போட்டேன். எங்கள் ஊரான கெட்டில் கோவுக்குப் பின்னால் குட்டைகள் சல்லடையில் ஓட்டைகள் மாதிரி. பாதிக்குப் பெயர் கிடையாது. இதற்கும் கிடையாது.

"எஃபி, இங்க வா! கதைப்படி குட்டையிலேருந்து ஒரு ஆறு கிளம்பிக் கடல்ல விழணும். தண்ணி வத்தினா கப்பல் தரை தட்டணும். சால்மன் மீன் துள்ளணும். எல்லாம் இருக்கு!"

"திராட்சை?" என்றாள் மாவு பிசைந்தபடி.

"அங்கதான் எல்லாரும் கோட்டை விட்டாங்க! இந்தக் குளிர்ல ஏது திராட்சை? அவங்க பாத்தது நம்ம பேக்ஆப்பிளை. அதுலயும் ஒயின் போடலாமில்ல? பேக்ஆப்பிள் எங்க கொட்டிக் கிடக்குதோ, அங்கதான் வின்லாந்து!"

பிசைந்த கை நின்றது.

பேக்ஆப்பிள் ஆப்பிள் இல்லை. சதுப்பில் முளைக்கும் மஞ்சள் பழம், கட்டைவிரல் நுனி அளவு. செடிக்கு ஒன்றே ஒன்று. ஆகஸ்டில் பத்து நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் எங்கள் ஊரில் யாரும் தாங்கள் பழம் பறிக்கும் இடத்தைச் சொல்வதில்லை. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்ல மாட்டார்கள். எஃபியின் இடம் அவள் அம்மா அவளுக்கு மட்டும் காட்டியது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், எனக்கே தெரியாது. தெற்கே கிளம்புவாள், கிழக்கேயிருந்து திரும்பி வருவாள். பக்கத்து வீட்டு பிளான்ஷ் ஒன்பது வருஷமாக மாடியில் தொலைநோக்கியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். இன்றுவரை பலனில்லை.

எஃபி கையைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள்.

"இந்தக் குட்டையா? அங்க கடிக்கிற ஈயைத் தவிர ஒண்ணும் கிடையாதே. சதுப்பு இடுப்பு வரைக்கும் இழுக்கும். எங்கப்பா அங்க ஒரு பூட்ஸை விட்டுட்டு ஒத்தக்கால்ல நொண்டிக்கிட்டு வந்தாரு."

"நெஜமாவா?"

"நீ கூஸ் ப்ரூக் ஓடைப்பக்கம் போய்ப் பாரு மனுஷா. மேடு மேடா ஏதோ இருக்கும். கருகின கல்லுகூடப் பாத்த ஞாபகம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக என் மனைவி என் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறாள்! கண் கலங்கிவிட்டது. உடனே அந்தப் பெருக்கல் குறியை அழித்தேன். ரப்பரை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலையில் கூஸ் ப்ரூக் போனேன். சொன்னபடியே மேடுகள்! வட்டமாகக் கருகிய கற்கள்! சாம்பலில் ஒரு துருப்பிடித்த ஆணி! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து செயின்ட் ஜான்ஸில் இருக்கும் தொல்லியல் டாக்டர் நோரா ஸ்க்வயர்ஸுக்கு போன் போட்டேன். அவர் எந்த நாள் வரலாம் என்று கேட்டார்.

"ஆகஸ்ட் பதினாலு, சனிக்கிழமை வரச் சொல்லு" என்றாள் எஃபி அடுப்படியிலிருந்து. "அன்னிக்கு வெயில் நல்லாருக்கும்."

என்ன அக்கறை!

படகுத்துறையில் கேலப் மாமாவைப் பார்த்தேன். எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே மாமா.

"மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதுடா ஆம்ப்ரோஸ்."

உண்மைதான், ஒரு வார்த்தை வரவில்லை. ஓராயிரம் வந்தது. சனிக்கிழமை காலை கூஸ் ப்ரூக்கில் கெட்டில் கோவே கூடியிருந்தது. நாற்பத்து மூன்று பேர். மடக்கு நாற்காலி, சாண்ட்விச், ஒருவர் கையில் அக்கார்டியன் வேறு. எஃபி மட்டும் வரவில்லை. "வர்ற டாக்டரம்மாவுக்கு உப்பு மீனும் கிழங்கும் யாரு செய்யறது? நீ போய் ஜெயிச்சுட்டு வா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

டாக்டர் மண்டியிட்டுச் சிறு கரண்டியால் மேட்டைச் சுரண்டினார். ஊரே எட்டிப் பார்த்தது.

"கேப்லின் மீன் முள்ளு" என்றார்.

"நார்ஸ் சாப்பாடு!" என்று கத்தினேன்.

"எரு. இது யாரோ போட்ட உருளைக்கிழங்குப் பாத்தி சார்."

"கருகின கல்லு?"

"இங்க யாரோ டீ போட்டிருக்காங்க."

"ஆணி?"

"என் வீட்டு ஷெட்லயும் இதே ஆணிதான் சார்."

கடைசியாகச் சாம்பலுக்கு அடியிலிருந்து ஒரு குவளையை எடுத்தார். வெள்ளைப் பீங்கான் பூச்சு, நீல விளிம்பு. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் காணாமல் போன குவளை! நான்தான் தொலைத்தேன் என்று எஃபி ஒரு வாரம் திட்டினாள்.

பிளான்ஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இது எஃபியோட குவளையாச்சே. ஆமா, எஃபி எங்க?"

"வீட்ல. சமைக்கிறா."

பிளான்ஷ் வானத்தைப் பார்த்தாள். விரலை நக்கிக் காற்றைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஆகஸ்ட் பதினாலு. நாலு நாளா வெயில். ஊரு பூரா இங்க. அவ மட்டும் அங்க." அப்புறம் போட்டாளே ஒரு கூச்சல்: "ஐயோ, பழம்!"

நாற்பத்து மூன்று பேரும் எடுத்தார்கள் ஓட்டம். மூட்டுவலிக்காரர் கேலப் மாமா எல்லாருக்கும் முன்னால். நாற்காலிகளும் நானும் டாக்டரும்தான் மிச்சம்.

"ஊர்ல தீப்பிடிச்சிருச்சா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. பழுத்துருச்சு."

டாக்டரும் நானும் வீட்டுக்குள் நுழைந்தோம். ஏழு வாளி காலியாகக் கவிழ்ந்திருந்தன, எட்டாவது வாளிப் பழம் அடுப்பில் கொதித்தது. பலகை முழுக்க மஞ்சள் மஞ்சளாக ஜாம் ஜாடிகள். சொன்னபடி உப்பு மீனும் கிழங்கும் மேஜையில் தயார்.

"எஃபி! ஊர் முன்னாடி என்னை இப்படி ஏமாத்திட்டியே!"

"நான் எங்கய்யா ஏமாத்தினேன்? ஜூன்ல அங்க போய் டீ குடிச்சேன். பழைய பெட்டிப் பலகையை எரிச்சேன், அதுல ஆணி இருந்திருக்கும். குவளையை மறந்துட்டு வந்துட்டேன். அதை வின்லாந்துன்னு சொன்னது நானா, நீயா?"

தலைகுனிந்து கிழங்கைத் தின்றேன். அப்போது டாக்டரின் கையிலிருந்து முள்கரண்டி கீழே விழுந்தது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு... அது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"திரைக்கயிறு பறக்காம இருக்க எங்கம்மா கட்டினது" என்றாள் எஃபி. "பழம் பறிக்கிற இடத்துல கிடந்துச்சு."

டாக்டர் அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தக்ளியில மாட்டுற கல்லு. நார்ஸ் பொம்பளைங்க நூல் நூத்தது. அங்க வேற ஏதாவது இருக்கா?"

"மூணு நீள மேடு இருக்கு. புல்லு மூடி மெத்து மெத்துன்னு. ஒண்ணு இந்த வீட்டைப் போல ரெண்டு மடங்கு, தண்ணியைப் பாத்து வாசலாட்டம் ஒரு இடைவெளி. சாய்ஞ்சு உக்காந்து டீ குடிக்க அவ்வளவு சுகம்!"

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி சாய்ந்துவிட்டது. "அடியே! அதுதான் வின்லாந்து!"

"தெரியும்."

"தெரியுமா!"

"பனிக்காலம் பூரா சத்தம் போட்டுப் படிச்சியே, எனக்கென்ன காது இல்லையா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க இருக்கும்மா? சொல்லுங்க."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"பாதுகாப்போம். சுத்திக் கயிறு கட்டி, பலகை நட்டு, யாரும் கால் வைக்காம..."

"ஆயிரம் வருஷமா கயிறு இல்லாமலே பத்திரமாத்தான் இருக்கு. இன்னொரு கரண்டி ஜாம் போட்டுக்கோங்க."

அப்போதுதான் எனக்கு மின்னலடித்தது. பெருக்கல் குறி! மே மாதமே நான் கண்டுபிடித்த குட்டை! ஈயும் சதுப்பும் அப்பாவின் பூட்ஸும் அத்தனையும் பொய்! எந்தக் குட்டை என்று இப்போது நினைவில்லை. இல்லாவிட்டால் என்ன? அழித்தாலும் பென்சில் அழுத்திய தடம் தாளில் இருக்குமே.

"டாக்டர், நான் கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாம் வரைபடத்துல இருக்கு!" என்று ஜன்னலோரம் பாய்ந்தேன்.

சுவர் காலி.

"ஜாடிக்கு வாய் மூடத் தாள் பத்தல" என்றாள் எஃபி. "நல்ல கெட்டித் தாள், சும்மாத்தானே தொங்குச்சு."

பார்த்தேன். நாற்பது ஜாடிகளின் தலையிலும் என் வரைபடம், வட்டம் வட்டமாக வெட்டி நூலால் கட்டப்பட்டிருந்தது. டாக்டரும் நானும் ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். எஃபி தடுக்கவே இல்லை. விளக்கைக்கூடப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். மேஜையில் நாற்பது வட்டங்களையும் பரப்பி, கரையைக் கரையோடு பொருத்தினோம். வட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய துண்டுகள் காலையிலேயே அடுப்புக்குப் போயிருந்தன. கெட்டில் கோவ் வந்தது. கூஸ் ப்ரூக் வந்தது. நூற்றுக்கணக்கான குட்டைகள் வந்தன.

வின்லாந்து இருக்க வேண்டிய இடத்தில் மேஜை தெரிந்தது.