பைபிளுக்குள் இருந்த ரேம்

நாட்டைத் திருத்துவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பத்து ஐந்துக்கு என் கம்ப்யூட்டர் கீய்ங், கீய்ங் என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது.

எனக்கு அரசியல் கருத்து அதிகம். திருபுவனை ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்த இருபத்தெட்டு வருஷமும் அதைக் கம்பெனி பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிடுவேன். ரிட்டயர் ஆனதும் பஸ் போய்விட்டது, கருத்து தங்கிவிட்டது. அதனால்தான் பேஸ்புக். ஒரே குறை. பஸ்ஸில் கேட்டவர்களால் நடுவில் இறங்க முடியாது. இங்கே நினைத்த இடத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

செல்போனில் எழுதலாமே என்பீர்கள். என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் நாலு எழுத்தை அமுக்கும்.

மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமரவேல் வந்தான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையை உருவினான்.

"ரேம் சார். தூசு. ரப்பர் இருக்கா?"

என் மகள் ஆரோக்கியசெல்வி பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த அழிரப்பரை மனைவி சகாயராணி தேடி எடுத்துக் கொடுத்தாள். குமரவேல் பட்டையின் தங்க ஓரத்தைத் தேய்த்தான். திரும்பச் சொருகினான். ஓடியது.

"இத எடுத்துட்டா இன்னா ஆவும் தம்பி?" என்றாள் ராணி.

"கத்தும் அக்கா. வேற ஒண்ணும் ஆவாது."

"கெட்டுப் போவாதே?"

"பிளக்கப் புடுங்கிட்டு எடுத்தா ஒண்ணும் கெடாது."

"இவ்ளோதானா!"

அவனுக்குக் காபி கொடுத்தாள். கூடவே ரெண்டு முறுக்கு. என் மனைவிக்கு இந்த வயதில் அறிவியல் ஆர்வம் வந்திருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்ட இடத்தில்தான் நான் எப்போதும் விழுவேன்.

அந்த வாரம் வீட்டில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. செல்விக்கு பாகூரில் ஒரு வரன். பையன் நர்ஸ், செல்வியும் நர்ஸ், ஒரே ஆஸ்பத்திரி. இருவருக்கும் பிடித்துவிட்டது. பையன் வீட்டார் ஞாயிறு பூசை முடிந்து வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. ஏற்கெனவே ரெண்டு இடம் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்ததால் செல்வி சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பையனோட அப்பா பேரு பாக்யராஜ். கட்சியில இருக்காரு. கேக்குறீங்களா?" என்றாள் ராணி.

"ம்."

"போட்டோ அனுப்பியிருக்காங்க. பாருங்க."

"ம். மேசமேல வை."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு: 'பேனரில் வாழும் பெருமக்கள்'. எங்கள் யூனியன் பிரதேசத்தில் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். வில்லியனூர் பக்கம் போனால் சாலை தெரிவதில்லை, தலைகள்தான் தெரிகின்றன. அதில் ஒரு தலை என்னைப் பாடாய்ப் படுத்தியது. கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை, 'பாகூரின் விடிவெள்ளி பி.ஆர்.' என்று பட்டம். நான் எழுதினேன்: 'விடிவெள்ளியே! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மக்கள் துன்பத்தை எப்படிப் பார்ப்பீர்? முதலில் உமக்கு விடியட்டும்!'

சனிக்கிழமை காலை ராணியைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். நல்லதைத் தனியாக அனுபவிக்கக் கூடாது.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. இலக்கியம் தாக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"போட்டுட்டீங்களா?"

"குளிச்சிட்டு வந்து போடுறேன். சுத்தமா போடணும்."

"ஆமாங்க. நல்லா தேய்ச்சுக் குளிங்க. வெந்நி வெச்சிருக்கேன்."

திரும்பி வந்தபோது திரை இருட்டு. கீய்ங், கீய்ங். கட்டுரையை நான் சேமித்து வைக்கவில்லை.

"ராணி! இதுல அரசாங்கத்தோட கை இருக்கு!"

"எந்த அரசாங்கம்? இங்க இருக்குறதா, டில்லியில இருக்குறதா?"

யோசித்தேன். யூனியன் பிரதேசத்தில் இதுதான் தொல்லை. யார் கை என்று சட்டென்று சொல்ல முடியாது. மாநில அந்தஸ்து கிடைத்தால் குறைந்தபட்சம் யாரைத் திட்டுவது என்றாவது தெளிவாகும்.

குமரவேலுக்கு போன் செய்தேன். திங்கட்கிழமைதான் வர முடியும் என்றான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது. பையன் இறங்கினான். அவன் அம்மா இறங்கினார். பின்னால் அப்பா இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. கூப்பிய கை. பேனரிலிருந்து நேராக இறங்கி வந்த மாதிரி இருந்தது.

பாக்யராஜ். பி.ஆர்.

மேசையில் மூன்று நாளாகக் கிடந்த போட்டோவை அப்போதுதான் பார்த்தேன். அதே கண்ணாடி.

அவர் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கு, கூசுது. அந்த நேரம் பார்த்து பசங்க பேனருக்குப் போட்டோ எடுத்துட்டானுங்க. ஊரே சிரிக்குது."

"சேச்சே, எடுப்பாதான் இருக்கு" என்றேன். எனக்குள் விடிந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடிந்தது. வரதட்சணைப் பேச்சே அவர் எடுக்கவில்லை. செல்வி கேசரியை எடுத்து வந்து, தானே ஒரு கரண்டி சாப்பிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சாப்பிட்டதைப் பார்த்தேன். கெட்டுப்போன கம்ப்யூட்டருக்கு மனதுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"சம்பந்தி, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பேனர் வெக்கணும்" என்றார் பாக்யராஜ். "நீங்க நல்லா எழுதுவீங்கன்னு தங்கச்சி சொன்னாங்க. வாசகம் நீங்கதான்."

"எழுதலாம் சம்பந்தி. ஆனா கம்ப்யூட்டர் ரிப்பேரு. குமரவேல் நாளைக்குத்தான்..."

"ரெண்டு நிமிஷம்ங்க" என்றாள் ராணி.

மாதா படத்துக்குக் கீழே இருந்த பைபிளை எடுத்தாள். நடுவில் பிரித்தாள். பக்கத்துக்கு அடையாளம் வைத்தது போல அந்தப் பச்சைப் பட்டை இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். தகட்டைக் கழற்றினாள். டக். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது.

"தங்கச்சிக்கு இதெல்லாம் கூட வருமா!" என்றார் சம்பந்தி.

சம்பந்தி முன்னால் கத்த முடியுமா? சிரித்தேன். அவர்கள் கார் தெரு திரும்பியதும் கேட்டேன்.

"நீயாடி?"

"நாந்தான். பேசுனா நீங்க கேக்க மாட்டேங்குறீங்க. அது கத்துனாதான் கேக்குறீங்க."

"பைபிள்ல எதுக்கு வெச்ச?"

"நீங்க தொடாத இடம் வூட்டுல அது ஒண்ணுதான்."

கையெடுத்துக் கும்பிட்டேன், பேனரில் கும்பிடுவது போல. அவள் மட்டும் அன்றைக்கு பிளக்கைப் பிடுங்காமல் இருந்திருந்தால் என் மகள் கல்யாணம் நாலு லைக்கோடு முடிந்திருக்கும்.

இப்போது வில்லியனூரில் இருபதடி பேனர் நிற்கிறது. பி.ஆருக்குப் பக்கத்தில் நான். கூச்சத்துக்கு நானும் ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

ரேம் பைபிளுக்கே திரும்பிவிட்டது. இந்தக் கதையையும் முதலில் வாயால் சொல்லிக் காட்டி, அவள் ரெண்டு இடத்தில் வெட்டிய பிறகுதான் ரேம் என் கைக்கு வந்தது.