இன்ட்டரப்ட் என்ற சொல்லுக்குப் பத்து வாக்கியம்

என் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கல்யாணமாகியும் இருபத்திரண்டு வருடம்தான். இந்த அடக்குமுறையை இந்த வாரமே ஒழித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கண்டியில் எங்கள் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழா. பதினொரு வருடத்துக்குப் பிறகு எனக்கு மேடை கிடைத்திருக்கிறது. பிரஜாவுரிமைப் போராட்டத்தில் என் பின்னால் கொடி பிடித்து நடந்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். நான் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே நாற்பது நிமிடம் பேசவேண்டும். அதற்கு ஒத்திகை வேண்டும்.

மனைவிக்கு முன்னால் ஒத்திகை இப்படி நடந்தது.

“தோழர்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டு…”

“தேங்காய் வாங்கினீங்களா?”

“நம்மை நாடற்றவர்களாக்கிய அந்தச் சட்டம்…”

“இது அழுகல். கண்ணை எங்க வச்சிக்கிட்டு வாங்கினீங்க?”

மூன்று நாளாக நான் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. தேங்காயும் மாறவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வரலாறு எனக்காகக் கதவைத் திறந்தது. என் மனைவி புஷ்பமும் பக்கத்து வீட்டு ஜெஸீமாவும் பெண்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போகிறவர்கள். இரண்டு பேரும் கொப்பியோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்கள்.

“ஏங்க, இன்ட்டரப்ட்னு ஒரு வார்த்தை. அதை வச்சுப் பத்து வாக்கியம் எழுதணும். டீச்சர் ஒண்ணு சொன்னாங்க. மழை வந்து அஸ்கிரியவில மேட்சை இன்ட்டரப்ட் பண்ணிச்சு. மிச்சம் ஒம்பது.”

அந்தச் சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல. என் குற்றப்பத்திரிகையில் படித்தவன். மந்திரி ஒருவரின் பேச்சைக் குறுக்கே புகுந்து இன்ட்டரப்ட் செய்தேன் என்று பதினான்கு நாள் மறியல் சிறையில் வைத்தார்கள். இந்த மாவட்டத்திலேயே அந்த வினைச்சொல்லுக்காகக் களி தின்றவன் நான் ஒருவன்தான்.

“எழுது. நான் என் கணவரை ஒருபோதும் இன்ட்டரப்ட் செய்வதில்லை.”

புஷ்பம் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“டீச்சர் உண்மையான வாக்கியம்தான் எழுதச் சொன்னாங்க.”

“அப்படியானால் உண்மையாக்கிவிடுவோம். கூட்டம் போடுவோம். தீர்மானம் நிறைவேற்றுவோம். நிறைவேறிய தீர்மானத்துக்கு எல்லாரும் கட்டுப்படணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். அவ்வளவு லேசாக அவள் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் நான் ஏற்கெனவே தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருடமாகத் தீர்மானம் எழுதிய கை. அது என்னைக் கேட்காமலே ஓடியது. நிமிர்ந்து நின்று வாசித்தேன்.

“பேசுகின்ற உறுப்பினரை, தலைவரின் அனுமதியின்றி, எவரும் இன்ட்டரப்ட் செய்யலாகாது.”

ஜெஸீமா ஆமோதித்தாள். ஏகமனதாக நிறைவேறியது. நான் தொண்டையைச் செருமினேன்.

“தோழர்களே…”

“அண்ணன், கொஞ்சம் பொறுங்க” என்றாள் ஜெஸீமா. “தலைவரோட அனுமதின்னு எழுதி ஈக்கே. தலைவர் யாரு?”

“நான்தான்.”

“அது எப்படி?” என்றாள் புஷ்பம். “பேசறவன் தலைமை தாங்கக் கூடாதுன்னு போன தலைவரை மேடையிலேருந்து எறக்கினது யாரு? நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டினது யாரு? பசை காய்ச்சினது நான்.”

கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. தலைமையை விட்டுக்கொடுத்தேன்.

“புஷ்பம் அக்காவ நான் தலைவராப் பிரேரிக்கிறேன்” என்றாள் ஜெஸீமா.

கூட்டத்தில் மிச்சம் இருந்தவன் நான் ஒருவன். நான் ஆமோதிக்காவிட்டால் தலைவர் இல்லை. தலைவர் இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் தீர்மானமும் இல்லை. ஆமோதித்தேன்.

புஷ்பம் பெரிய கதிரைக்கு மாறி உட்கார்ந்தாள். அகப்பையால் பால்மா டின்னில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“தோழர் செல்லச்சாமி பேசலாம்.”

“தோழர்களே, நாற்பத்தெட்டாம் ஆண்டு…”

டங்.

“அது எல்லாருக்கும் தெரியும். மேல போங்க.”

“இன்ட்டரப்ட் செய்கிறாய்.”

“தலைவர் அனுமதியோடதான் செய்றேன். எழுதுங்க ஜெஸீமா. தலைவர் பேச்சாளரை இன்ட்டரப்ட் செய்தார். இது ரெண்டு.”

“மறியலில் நான் கிடந்த பதினான்கு நாளும்…”

டங்.

“ஜெஸீமா, நீங்க இன்ட்டரப்ட் பண்ணலாம்.”

“அண்ணன், அந்தக் கதைய போன நோன்புக்கும் சொன்னீங்க. அப்ப ஏழு நாள்தான்.”

“எழுதுங்க. அயல்வீட்டார் பேச்சாளரை இன்ட்டரப்ட் செய்தார். மூணு.”

ஐந்தே நிமிடத்தில் பத்து வாக்கியமும் முடிந்தன. எல்லாம் உண்மையான வாக்கியங்கள். என் நாற்பது நிமிடப் பேச்சும் அதே ஐந்து நிமிடத்தில் முடிந்திருந்தது.

வாசலில் யாரோ கைதட்டினார்கள். பார்த்தால் சங்கத்தின் செயலாளர் சேதுராமன். விழா நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் என்னிடம் காட்டவென்று கொண்டுவந்தவர், எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

“தோழர், ஏழு பேர் பேசறாங்க. போன வருஷம் ஒருத்தரையும் நிப்பாட்ட முடியல. ஹால்காரன் லைட்டை அணைச்சுத்தான் முடிச்சோம். தலைமை தாங்கச் சரியான ஆள் இல்லாம நாலு நாளா அலையறேன். இப்ப கெடைச்சிருச்சு.”

நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். மேடையை விடப் பெரியது தலைமை. முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவரையும் நான் மணியடித்து உட்காரவைக்கும் காட்சி கண்முன் ஓடியது.

சேதுராமன் என்னைக் கடந்து போய்ப் பெரிய கதிரைக்கு முன்னால் நின்றார்.

“அக்கா, ஞாயித்துக்கெழமை வந்து நடத்திக் குடுக்கணும்.”

“ஏழு பேரும் எனக்குக் கட்டுப்படுவாங்களா தம்பி?”

“தோழரே கட்டுப்பட்டுட்டாரே.”

“அப்போ என் பேச்சு?” என்று கேட்டேன்.

“அதைத் தலைவர்தான் சொல்லணும்” என்று சேதுராமன் நோட்டீஸை அவளிடம் நீட்டினார்.

புஷ்பம் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். என் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். நோட்டீஸின் கடைசி வரியில் என் பெயரை மறுபடி எழுதினாள். பிறகு இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் காட்டாத கனிவோடு சொன்னாள்.

“இவரை நன்றியுரைக்குப் போடுங்க தம்பி. அந்நேரம் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிருப்பாங்க. ஒருத்தரும் இன்ட்டரப்ட் பண்ண மாட்டாங்க.”